ஒரு ரூபாய் அச்சு

அத்தியாயம் 14

"ரெண்டாயிரம்! ஒரே ஒரு முட்டை, ரெண்டாயிரம் ரூவா! அதுக்கு மேல யாரும் கேக்குதியளா?"

மைக்கைப் பிடித்திருந்த சபைச் செயலாளருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலை ஆராதனை முடிந்த கையோடு ஆரம்பித்த ஏலம். பாளையங்கோட்டையில் ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் இப்படித்தான். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், தட்டு நிறைய முந்திரிக்கொத்து என்று காணிக்கையாக வந்ததையெல்லாம் கோயில் வளாகத்துப் பந்தலில் வைத்து ஏலம் போடுவார்கள். கடையில் ஏழு ரூபாய்க்கு விற்கிற முட்டை இங்கே ரெண்டாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டில் பொரித்துத்தான் சாப்பிடுவார், ஆனால் முட்டைக்காக யாரும் கை தூக்குவதில்லை.

பெர்சிஸ் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வரிசை முன்னால் அம்மா சாலோமி. மகள் வந்திருக்கிறாள் என்று தெரிந்தும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் தம்பி கிங்ஸ்லி, வெள்ளைச் சட்டையும் கமிட்டி மெம்பர் பேட்ஜுமாக. பத்து மாதத்துக்கு முன்னால்வரை அப்பா சுவிசேஷமுத்து உட்கார்ந்த நாற்காலி அது.

வெள்ளிக்கிழமை கிங்ஸ்லி அவள் மேஜையில் வீசிய கடிதத்தைப் போன வாரம் நீங்களும்தான் படித்தீர்கள். விட்டுப்போனவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேட்டை தொழிற்பேட்டையில் 'முத்து சாலோமி இன்ஜினியரிங்' என்றால் நெல்லைச் சீமையில் அரிசி ஆலை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அரிசியிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கிற கல்நீக்கி எந்திரம் செய்கிற கம்பெனி. அப்பா கண்ணை மூடியதும் பங்கு மூன்றானது. அம்மா, கிங்ஸ்லி, பெர்சிஸ், மூவருக்கும் சமபங்கு. ஆனால் அப்பா வெள்ளந்தியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். யார் விலகினாலும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற மதிப்புப்படி பங்கைக் கொடுத்துவிட வேண்டும்.

கிங்ஸ்லியின் கடிதம் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டது. 'நீ விலகிக்கொள். கம்பெனியின் புத்தக மதிப்பு பன்னிரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம். உன் பங்கு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.'

வருஷத்துக்கு ரெண்டு கோடிக்கு எந்திரம் விற்கிற கம்பெனிக்குப் பன்னிரண்டு லட்சம்! கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

ஆனால் அந்தக் கணக்கு யாருடையது? பதினாறு வருஷமாக பெர்சிஸ் தன் கையால் எழுதியது. அதுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

"என்னலே இது?" என்று வெள்ளிக்கிழமை அவள் கேட்டபோது கிங்ஸ்லி சிரித்தான்.

"நீ எழுதுன கணக்குதான்க்கா. நான் ஒரு எழுத்து மாத்தல. லேத்து ஒரு ரூவா, பிரஸ் மிஷின் ஒரு ரூவா, அச்சு ஒரு ரூவா. நீதான போட்டிருக்க?"

"அது தேய்மானம்லே. விலை இல்ல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

பதினைந்து வருஷமாகக் கம்பெனியில் இருக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? பெர்சிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"பத்து லட்சத்துக்கு ஒரு மிஷின் வாங்குதோம். அந்தப் பத்து லட்சத்தையும் வாங்குன வருஷத்துச் செலவுன்னு எழுதுனா, அந்த வருஷம் நட்டம் காட்டும், அடுத்த வருஷம் லாபம் வீங்கி நிக்கும். ரெண்டுமே பொய். அதனால மிஷின் உழைக்கிற வருஷத்துக்கெல்லாம் அந்தச் செலவைப் பங்கு போட்டு எழுதுதோம். வருஷா வருஷம் தேய்மானம்னு நான் எழுதும்போது கல்லாவுல இருந்து பத்து பைசா வெளிய போகாது. பணம் வாங்குன அன்னைக்கே போயாச்சு. எழுதி முடிச்சாச்சுன்னா செலவு தீந்துட்டுன்னு அர்த்தம். மிஷின் தீந்துட்டுன்னு அர்த்தம் இல்ல. அந்த ஒரு ரூவா மிஷின்லதான நீ நேத்தும் இருபது சல்லடைத் தட்டு அடிச்ச?"

"அதெல்லாம் ஆடிட்டர்கிட்டப் பேசிக்கோ. கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் எனக்குத் தெரியும்."

சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான். பள்ளிக்கூட ரேங்க் கார்டைக்கூடக் கடைசிக் கட்டத்தில் மட்டும்தான் பார்ப்பான். கம்பெனிப் பேப்பர் எது வந்தாலும் கடைசிக் கட்டத்துத் தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுவான். இடது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணை ஓட்டினதே கிடையாது.

ஒரு ரூபாய் என்பது அப்பாவின் வழக்கம். தேய்மானம் எழுதி எழுதி எந்திரத்தின் மதிப்பு சைபருக்கு வரும்போது அவர் விடமாட்டார். "தரையில நின்னு உழைக்கிற சாமானுக்குப் புத்தகத்துல ஒரு ரூவாயாவது இருக்கணும்மா. இல்லன்னா அது இருக்கதே மறந்துபோவும்" என்பார். அதனால் எழுதித் தீர்ந்த ஒவ்வொரு எந்திரமும் சொத்துப் பதிவேட்டில் ஒரு எண்ணோடும் ஒரு ரூபாயோடும் உட்கார்ந்திருந்தது.

கிங்ஸ்லி அத்தோடு நிறுத்தியிருந்தால் பெர்சிஸ் வக்கீலைத்தான் பார்த்திருப்பாள். அவன் நிறுத்தவில்லை.

"ஒரு ரூவாக்கே இந்தக் குதி குதிக்கியே, அத்தான் டிசைனுக்கு என்ன போட்டிருக்கன்னு பாத்தியா? சைபர். அதுக்கு ஒரு ரூவாகூட விடல நீ!"

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

ஷிபின் அவள் புருஷன். கல்நீக்கியின் சல்லடைத் தட்டைக் கண்டுபிடித்தவன். அந்தத் தட்டில் நகக்கண் அளவு துளைகள் ஒரு குறிப்பிட்ட சாய்வில் மேல்நோக்கித் திறந்திருக்கும். தட்டு ஆடும்போது அரிசி காற்றில் மிதந்து கீழே இறங்கும், கல் மட்டும் மேலே ஏறிப் போய்விடும். அந்தச் சாய்வைப் பிடிக்க, தட்டை அடித்தெடுக்கிற எஃகு அச்சை அவன் எட்டு மாதம் அரத்தால் ராவினான். அப்பா அந்த டிசைனுக்கு ஆறு லட்சம் கொடுத்தார். தொட்டுப் பார்க்க முடியாத சொத்து அது. அதையும் தேய்மானம் மாதிரியே வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுத வேண்டும், ஆடிட்டர் அதற்கு 'அமார்ட்டைசேஷன்' என்று பேர் சொன்னார். பத்து வருஷம், வருஷத்துக்கு அறுபதாயிரம். தரையில் நிற்காத சாமானுக்கு அப்பாவின் ஒரு ரூபாய் கிடையாது.

ஷிபின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையிலேயே சாய்ந்த பிறகும், ஒவ்வொரு மார்ச் மாதமும் அவன் வேலையிலிருந்து அறுபதாயிரத்தைக் கழித்து எழுதியவள் பெர்சிஸ்தான். கடைசி வருஷம் சைபர் என்று போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். அந்தச் சைபரை இவன் எடுத்து அவள் முகத்தில் எறிகிறான்.

அவள் கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டி, பிரிண்ட் எடுத்து நீட்டினாள். 'என் பங்குக் கணக்கில் முதல் வரவாக, சொத்து எண் 17, 18 ஆகிய இரண்டையும் புத்தக மதிப்பில் நானே எடுத்துக்கொள்கிறேன். தலா ரூ.1. மொத்தம் ரூ.2.'

கிங்ஸ்லி கடைசிக் கட்டத்தைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டு ரூவா சாமானா? அத்தான் ஞாபகார்த்தமா? எடுத்துக்கிட்டுப் போ தாயி" என்று கையெழுத்தைக் கிறுக்கினான்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. கிங்ஸ்லி அம்பாசமுத்திரத்தில் ஒரு மில்லுக்கு எந்திரம் இறக்கப் போயிருந்தான். பிரஸ் மிஷின் ஓட்டுகிற பாலம்மாள் உட்பட எல்லோரும் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போன பிறகு, பெர்சிஸ் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கும் நாலு ஆளும் ஒரு லோடு ஆட்டோவுமாக வந்தாள். வாட்ச்மேனிடம் முதலாளி கையெழுத்தைக் காட்டினாள். வண்டி ரெண்டு நடை போய்வந்தது.

இதுதான் ஞாயிற்றுக்கிழமை வரைக்குமான கதை. இனி பந்தலுக்குப் போவோம்.

முட்டை ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. அடுத்து, ஆறு பேர் மூச்சு வாங்க ஒரு இரும்புத் தள்ளுவண்டியைப் பந்தலுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். டிரங்குப் பெட்டி அளவில் ஒரு எஃகுப் பாளம். மேலே வரிசை வரிசையாக நகக்கண் பள்ளங்கள். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அதைப் பார்த்ததும் கூட்டம் கசகசவென்று பேச ஆரம்பித்தது.

செயலாளர் அதில் கட்டியிருந்த அட்டையை எடுத்து மைக்கில் வாசித்தார். "பெர்சிஸ் ஷிபின் குடும்பத்தார் காணிக்கை. கல்நீக்கி எந்திரத்தின் சல்லடைத் தட்டு அச்சு, அடிப்பாகம்."

கிங்ஸ்லி நாற்காலி பின்னால் சாய எழுந்தான்.

"நிறுத்துங்க! இது எங்க கம்பெனி சாமான்!"

பெர்சிஸும் எழுந்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் கம்பெனி சாமான். இப்ப எனக்குள்ளது. பேப்பரைப் பாருங்க சார்."

கடிதம் கை மாறிச் செயலாளரிடம் போனது. அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கிங்ஸ்லியைப் பார்த்தார்.

"கீழ இருக்கது உம்ம கையெழுத்துதான வே?"

"அது... பழைய சாமான்னு நெனச்சு..."

"உம்ம கையெழுத்துதானான்னு கேட்டேன்."

"ஆமா."

"அப்பம் சரி. ஆண்டவருக்குன்னு வந்ததைத் திருப்பி அனுப்புற வழக்கம் நம்ம சபையில இல்ல. எங்கன ஆரம்பிக்க?"

"ஒரு ரூவாயில ஆரம்பிங்க" என்றாள் பெர்சிஸ். "அதான் அதோட விலைன்னு என் தம்பியே ஒத்துக்கிட்டிருக்கான்."

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பெற்றவளின் கருணை பொட்டுக்கூட இல்லை.

"ஒரு ரூவா! ஒரு ரூவா!"

"நூறு" என்றான் கிங்ஸ்லி, உட்காராமலே.

"ஐயாயிரம்."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. பந்தலின் ஓரத்தில் காஜா முகைதீன் நின்றிருந்தார். பேட்டையில் பெரிய அரிசி ஆலை வைத்திருக்கிறவர், கூடவே ஆலை எந்திரங்களை வாங்கி விற்கிறவர். அப்பாவின் சிநேகிதர் என்பதால் வருஷா வருஷம் இந்த ஏலத்துக்கு வந்து ஒரு கிடா எடுத்துக்கொண்டு போவார். கல்நீக்கியைத் தானே செய்ய வேண்டும் என்று பத்து வருஷமாக ஆசை அவருக்கு. தட்டுதான் கைக்கு வரவில்லை.

கிங்ஸ்லியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் தலைக்குள் என்ன ஓடியது என்று பெர்சிஸுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆலைக்காரர்கள் முப்பது எந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். கோயம்புத்தூரில் சொல்லிப் புது அச்சு அடித்தால் மூன்று மாதம் ஆகும். அடித்தாலும் அந்தச் சாய்வு வராது. ராவத் தெரிந்த கை மண்ணுக்குள் இருக்கிறது.

"பத்தாயிரம்!"

"ஐம்பது" என்றார் காஜா முகைதீன், பூசணிக்காய்க்குக் கேட்கிற மாதிரி.

"எழுபத்தஞ்சு!"

"ஒரு லட்சம்."

சேவல் கூட்டைச் சுற்றி நின்றவர்கள்கூட மைக்குப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். செயலாளருக்குத் தொண்டைக்கட்டு எங்கே போனதோ, குரல் கணீரென்று வந்தது. ஒன்றரை, ரெண்டு, ரெண்டே முக்கால், மூன்றரை. கிங்ஸ்லியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாலு லட்சத்துப் பத்தாயிரம்" என்றார் காஜா முகைதீன்.

"நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்!" என்று கத்தினான் கிங்ஸ்லி.

அந்தத் தொகை தன் வாயிலிருந்து வந்ததும் அவனுக்கே சுருக்கென்றது. திரும்பி அக்காவைப் பார்த்தான். பெர்சிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒரு பங்குக் கம்பெனிக்கு அவன் போட்ட விலையை, ஒரு இரும்புப் பாளத்துக்குச் சபை கேட்கச் சொல்லிவிட்டான்.

அங்கேயும் நிற்கவில்லை. நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தில்தான் காஜா முகைதீன் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

"நாலு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம், ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! கிங்ஸ்லி தம்பிக்கு!"

கூட்டம் கை தட்டியது. கிங்ஸ்லி செக் புத்தகத்தை எடுத்து எழுதினான். பேனா காகிதத்தைக் கிழித்தது.

ஏலம் முடிந்து, சபை விருந்தான அசனப் பந்தியில் சாம்பார்ச் சோற்றுக்கு முன்னால் பெர்சிஸ் உட்கார்ந்தபோது, பக்கத்து இலையில் அம்மா வந்து உட்கார்ந்தாள். பாசத்தில் வந்தவள் இல்லை.

"ஏட்டி, சபைக்கு நடுவுல என் மவன் தோலை உரிச்சுட்டியே. உனக்கு இப்பம் குளுந்திருக்குமே?"

"எனக்கு நாலு பன்னிரண்டு தாரேன்னவன், அரை மணி நேரத்துல நாலு எண்பத்தஞ்சு எழுதுதான். அதை நீ கேக்கலியாம்மா?"

"கோயிலுக்குத்தான கொடுத்தான்?"

"ஆமா, கோயிலுக்கு. எனக்கு அதுல சல்லிக்காசு வேண்டாம். அந்த அச்சுக்கு என்ன விலைன்னு ஊருக்குத் தெரியணும். அது தெரிஞ்சுபோச்சு."

"முப்பது பவுன் போட்டுத்தான உன்னை அனுப்புனோம்? பொறவும் கம்பெனியில என்னடி பங்கு உனக்கு? பொட்டப்புள்ளைக்கு இவ்ளோ ஆங்காரம் ஆகாது."

"நீயும் பொட்டப்புள்ளதான்மா. கம்பெனியில உன் பேரும் இருக்கு, உன் பங்கும் இருக்கு."

அம்மா இலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பெர்சிஸ் அதைக் கவனித்தாள். கோபத்தில் பசி இல்லாமல் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் நாலு மணி. வண்ணார்பேட்டையில் பெர்சிஸின் வாடகை வீடு மெயின் ரோட்டைப் பார்த்தது. பஸ் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கிங்ஸ்லி கதவைத் தட்டியபோது பஸ்தான் என்று நினைத்தாள். கதவைத் திறந்ததும் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே வந்தான். பின்னால் அம்மா.

"மேல்பாகம் எங்க?"

"என்ன மேல்பாகம்?"

"நடிக்காத! அடிப்பாகத்தை பேட்டைக்குக் கொண்டுபோயி பிரஸ்ல மாட்டப் போறேன், மேல வாய் பொளந்து நிக்கி. மேல்பாகத்தையும் கழத்திருக்க!"

அச்சு என்றால் ரெண்டு பாதி. அடிப்பாகம் மேஜையில் இருக்கும், மேல்பாகம் பிரஸ்ஸில் தொங்கும். தகட்டை நடுவில் வைத்து ஓங்கி அடித்தால்தான் துளை விழும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று காயலான் கடைக்குத்தான்.

பெர்சிஸ் கைப்பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து மேஜையில் வைத்தாள். "பதினேழு, அடிப்பாகம். பதினெட்டு, மேல்பாகம். தலா ஒரு ரூவா. ரெண்டுக்கும் நீ கையெழுத்துப் போட்டிருக்க. கோயிலுக்குக் கொடுத்தது பதினேழு. அட்டையிலகூட அடிப்பாகம்னு தெளிவா எழுதித்தான் கட்டுனேன். மைக்குல வாசிச்சாங்க. நீ கேக்கல."

கிங்ஸ்லி முதல் தடவையாக அந்தக் காகிதத்தை இடது பக்கத்திலிருந்து படித்தான். படித்துக்கொண்டே போகும்போது உதடு வெளுத்தது.

"நாலு எண்பத்தஞ்சுக்குப் பாதி அச்சையா என் தலையில கட்டுன?"

"கட்டல. நீதான் கேட்டு எடுத்த."

"மேல்பாகம் எங்க இருக்கு?"

"காஜா அண்ணாச்சி மில் கொடோன்ல."

"அவருக்கு வித்துட்டியா? அப்பா கம்பெனியை அவருக்கு வித்துட்டியா?"

"விக்கல. வச்சிருக்கேன். வாடகை கொடுத்து ரசீது வாங்கியிருக்கேன். நீ எல்லா மிஷினையும், அத்தான் டிசைனையும், தஞ்சாவூர் ஆர்டரையும் வெளிய இருந்து ஒரு ஆளை வச்சு இன்னைக்கு விலைக்கு மதிப்புப் போடு. அதுல மூணுல ஒரு பங்கு கொடு. மேல்பாகம் அன்னைக்கே பிரஸ்ல தொங்கும். இல்லன்னா அவர் என்ன விலை சொல்லுதாருன்னு கேப்பேன்."

"ஏளா, வெளங்கவே மாட்ட நீ!" கிங்ஸ்லி மேஜையில் குத்தினான். டம்ளர் உருண்டு விழுந்தது. "தீபாவளி, கிறிஸ்மஸ்னு பாக்காம அந்தச் சூட்டுல கெடந்து சாவுறது நான். மில்லு மில்லா அலைஞ்சு பாக்கி வசூலிக்கிறது நான். நீ ஏசி ரூம்ல உக்காந்து கழிச்சுக் கழிச்சு எழுதுனதத் தவிர என்ன செஞ்ச?"

"கழிச்சு எழுதுனதாலதான்லே வருஷா வருஷம் வரி கொறஞ்சுது. அந்தப் பணத்துலதான் ரெண்டாவது ஷெட்டு போட்டோம். அதையும் நீ கடைசிக் கட்டத்துல மட்டும்தான் பாத்த."

"திங்கக்கிழமை வக்கீலோட வாரேன். உன்னை ரோட்டுல நிப்பாட்டலன்னா என் பேரு கிங்ஸ்லி இல்ல."

"என்னைக்கும் ரெண்டு பங்கு எனக்கு எதிராத்தானே நிக்கி? அம்மா உன் பக்கம், நீ உன் பக்கம். புதுசா என்ன?"

இதைக் கேட்டதும் கிங்ஸ்லி வாயைத் திறந்தான், அம்மாவைப் பார்த்தான், மூடிக்கொண்டான். "வாம்மா, போவோம்" என்று வெளியே நடந்தான்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"எம்மா, வண்டியில ஏறு!"

"நீ போய்யா. நான் பொறவு ஆட்டோவுல வாரேன்."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பைக் உறுமிக்கொண்டு ரோட்டில் கலந்தது. பெர்சிஸ் குனிந்து டம்ளரைப் பொறுக்கினாள். அம்மாவோடு சண்டை போடத் தெம்பு இல்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று நின்றாள்.

"அந்த ஒரு ரூவா" என்றாள் சாலோமி. "அது விலை இல்லன்னு சொன்னியே. அப்பம் அது என்னது?"

"எழுதித் தீந்த செலவும்மா. அந்த மிஷினை இன்னைக்கு வித்தா என்ன கிடைக்கும்னு அதுல தெரியாது. காலையில பாத்தியே, அதுதான் விலை. அதுவும் பாதிக்கு."

அம்மா மணிபர்சைத் திறந்தாள். அதன் உள்மடிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு முத்திரைத்தாள் நகலை எடுத்து நீட்டினாள்.

"போன மாசம் கொண்டாந்து கையெழுத்து வாங்குனான். பேங்க் வேலைக்கு லேசா இருக்கட்டும், ஒரு பேருல இருந்தாப் போதும்னான். அன்னைக்குக் கண்ணாடியை எங்கனயோ வச்சிட்டுத் தேடிக்கிட்டு இருந்தேன். பெத்த மவன்தானேன்னு போட்டுட்டேன். புத்தகக் கணக்குப்படிதான் எழுதியிருக்குன்னான். எனக்கு எவ்ளோ போட்டிருக்கான்னு பாரு."

பெர்சிஸ் காகிதத்தைப் பிரித்தாள். அம்மாவின் பங்கு போய்விட்டது என்றால், மூன்றில் ரெண்டு பங்கு இன்றைக்கு அவன் ஒருத்தன் பேரில். பந்தியில் அம்மா ஏன் சோற்றை வாயில் வைக்கவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

இடது பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். 'என் சுய விருப்பத்தின்பேரில்...' 'என் மகன் மேல் உள்ள அன்பினாலும்...' 'என் பங்கு முழுவதையும்...' கடைசி வரிக்கு வந்தாள். அங்கே நின்றாள். இன்னொரு தடவை படித்தாள்.

"சொல்லுடி. நாலு லட்சமா?"

பெர்சிஸ் காகிதத்தை மடித்து அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஒரு ரூவாம்மா."